பழைய ஸ்கூட்டரின் முன் பிரேக்கைப் பிடிக்க வைப்பது எப்படி

அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய பஜாஜ் சேட்டக்கை ஷெட்டிலிருந்து இறக்கி, பெயின்ட் அடித்து, என்ஜினைக் கிளப்பி ஓட்டத் தொடங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே சொல்லும் புகார் ஒன்றுதான்: முன் பிரேக் பிடிக்கவே இல்லை. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ விசாரித்தால், "இந்த வண்டிக்கு அவ்வளவுதான், கால் பிரேக்கை மிதிங்க" என்பார்கள். கூடவே "முன் பிரேக்கைப் பிடிச்சா தூக்கி அடிச்சிரும்" என்ற பயமுறுத்தலும் இலவசம்.

அந்தப் பதிலில் கொஞ்சம் உண்மை உண்டு. டிஸ்க் பிரேக் போல ஒற்றை விரலில் நிற்கும் பிரேக் இந்த வண்டிகளில் என்றைக்கும் இருந்ததில்லை. ஆனால் சரியாக இருக்கும் ஒரு சேட்டக்கின் முன் பிரேக், 30 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு விரலால் இறுக்கும்போது வண்டியின் மூக்கைத் தாழ்த்தித் தெளிவாக இழுத்துப் பிடிக்க வேண்டும். நிறுத்தி வைத்த வண்டியில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் தள்ளினால் சக்கரம் அசையக் கூடாது. இதுகூட நடக்கவில்லை என்றால் குறை வண்டியின் வயதில் இல்லை. அதைச் சரிசெய்யலாம்.

கால் பிரேக்கை மட்டும் நம்புவது ஏன் ஆபத்து என்றால், பிரேக் பிடித்ததும் எடை முன்பக்கம் சாய்ந்து பின்சக்கரம் இலேசாகிவிடுகிறது. அப்போது அழுத்தி மிதித்தால் பின்டயர் உருளாமல் வழுக்கும். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகிற வழியில், மழைக்குப் பின் ரப்பர் இலை ஒட்டிக் கிடக்கும் இறக்கத்தில் இதைப் பரிசோதிக்க வேண்டாம்.

இனி வருவது பெரும்பாலும் 1972-இல் அறிமுகமான சேட்டக்கை மனதில் வைத்து எழுதியது. எல்.எம்.எல். வண்டிகளுக்கும் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். இரண்டுமே வெஸ்பா வழி வந்தவை. லாம்ப்ரெட்டா, விஜய் சூப்பர் வைத்திருப்பவர்களுக்குச் சக்கரத்தைக் கழற்றும் முறை வேறு. அங்கே சக்கரம் இரண்டு பக்கமும் தாங்கப்பட்டு நடுவில் ஆக்சில் போகும். டிரம்முக்குள், அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் கிண்ணத்துக்குள், நடக்கும் விஷயம் ஒன்றேதான்.

ஷூ வாங்க ஓடுவதற்கு முன்

பிரேக் பிடிக்கவில்லை என்றதும் எல்லோரும் செய்வது புது பிரேக் ஷூ மாற்றுவது. பாதிப் பேருக்கு அதில் எந்த மாற்றமும் தெரியாது. உங்கள் விரல் கொடுக்கும் விசை லீவர், கேபிள், கேம் (ஷூக்களை விரிக்கும் தண்டு), ஷூ (டிரம்மில் உரசிப் பிடிக்கும் வளைந்த துண்டு), டிரம், டயர் என்று வரிசையாகக் கடந்துதான் தரைக்குப் போகிறது. ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் களவு போனால் கடைசியில் ஒன்றும் மிஞ்சாது. ஹோஸ் பைப்பில் நாலு இடத்தில் ஒழுகும்போது மோட்டாரை மாற்றி என்ன பயன்? ஆகவே காசு செலவில்லாத இடத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகச் சரிசெய்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு ஓட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமலே போய்விடும்.

ஸ்பானரைத் தொடாமல் முதலில் ஒரு சோதனை. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு முன்சக்கரத்தைத் தூக்குங்கள். பின்சீட்டில் ஒருவர் உட்கார்ந்தாலே பெரும்பாலும் தூக்கிவிடும். இல்லாவிட்டால் முன்புறம் அடியில் மரக்கட்டை வையுங்கள். ஒருவர் சக்கரத்தைக் கையால் சுற்ற, நீங்கள் லீவரை மெல்ல இழுங்கள். சக்கரம் சுற்ற முடியாமல் நிற்கிற இடத்தை மனதில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து இன்னும் பலமாக இழுங்கள். ஷூ டிரம்மைத் தொட்ட பிறகும் லீவர் வெகுதூரம் உள்ளே வருகிறதா? அந்தத் தூரம் முழுவதும் வீண். கேபிளின் வெளிக்கூடு சுருங்குகிறது, அல்லது லீவரின் திருகாணி தேய்ந்து ஆடுகிறது, அல்லது ஷூ ஓரிடத்தில் மட்டும் தொட்டு வளைகிறது என்று பொருள். மாறாக, லீவர் கல் மாதிரி கெட்டியாக நிற்கிறது, ஆனாலும் ஓடும்போது வண்டி நிற்கவில்லை என்றால், குறை டிரம்முக்குள் இருக்கிறது: ஷூவின் மேல் ஒட்டிய உராய்வுப் பட்டையான லைனிங் பளபளத்திருக்கும், அல்லது கிரீஸ் பட்டிருக்கும்.

ஓடும்போது லீவர் விரலைத் தட்டித் தட்டித் துடித்தால் டிரம் வட்டம் கெட்டிருக்கிறது. காலையில் முதல் பிடியில் மட்டும் வெடுக்கென்று பிடித்து அப்புறம் சரியாகிவிட்டால், ராத்திரி ஈரத்தில் டிரம்மில் படிந்த மெல்லிய துருதான். அதற்காகப் பயப்பட வேண்டாம்.

கேபிள்

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கேபிளுக்கு ஆயுள் குறைவு. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று. உள்ளே மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என்று இரண்டும் உண்டு. வெளியில் பார்க்க நன்றாக இருக்கும் கேபிளுக்குள் துரு பிடித்து, இழுக்கிற விசையில் பெரும்பங்கை உரசலே தின்றுவிடும்.

டிரம் பக்கத்தில் கேபிளை கேம் கையிலிருந்து (கேமைத் திருப்பும் சிறு நெம்புகோல்) விடுவித்துவிட்டு, உள்கம்பியை இரண்டு விரலால் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஓரிடத்தில் சொரசொரத்தாலும், பிரிந்த இழை ஒன்று விரலைக் குத்தினாலும் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது உள்கம்பியை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வெளிக்கூடு பழசாக இருந்தால் அந்தச் சேமிப்புக்கு அர்த்தமில்லை. உள்ளே நைலான் பூச்சு உள்ள, அழுத்தினால் சுருங்காத தடிமனான வெளிக்கூடு கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலைக்கும் அதையே வாங்குங்கள். ஷூவைத் தொடாமல் இது ஒன்றை மட்டும் மாற்றியே பிரேக் கண்கூடாகத் தேறிய வண்டிகள் உண்டு.

சேட்டக்கில் இந்தக் கேபிள் ஹெட்லைட் கூட்டுக்குள் நுழைந்து, ஸ்டீயரிங் குழாய் வழியாக இறங்கி டிரம் அருகில் வெளிவருகிறது. பழையதை உருவும் முன் அதன் நுனியில் ஒரு மெல்லிய கம்பியையோ நைலான் கயிற்றையோ கட்டிவிடுங்கள். பழையது வெளியே வரும்போது கயிறு உள்ளே போய்விடும். அதில் புதியதைக் கட்டி இழுத்துக்கொள்ளலாம். இதைச் செய்யாதவர்கள் அரை நாள் ஹெட்லைட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்பார்கள். பூட்டிய பின் ஹேண்டிலை இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது பிரேக் தானாக இறுகினால் கேபிள் எங்கோ மடங்கி மாட்டியிருக்கிறது.

லீவரின் திருகாணித் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால், லீவரை மாற்றுங்கள் அல்லது லேத்தில் கொடுத்துத் துளைக்கு புஷ் போட்டுக்கொள்ளுங்கள். சின்னச் செலவு.

டிரம்மைத் திறப்பது

இங்கே உயிர் சம்பந்தப்பட்ட ஒரு எச்சரிக்கை. இந்த ஸ்கூட்டர்களின் ரிம் இரண்டு பாதிகளைச் சேர்த்து நட்டால் முடுக்கியது. சக்கரத்தை டிரம்மோடு பிடிக்கும் நட்டுகள் வேறு, ரிம்மின் பாதிகளைச் சேர்த்துப் பிடிக்கும் நட்டுகள் வேறு. டயரில் காற்று இருக்கும்போது இரண்டாவது வகையைக் கழற்றினால் ரிம் பிரிந்து முகத்தில் அடிக்கும். எது எது என்று குழப்பம் வந்தால் முதலில் காற்றை முழுக்க இறக்கிவிட்டு அப்புறம் ஸ்பானரை எடுங்கள்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சிறிது தளர்த்திவிட்டு, வண்டியைத் தூக்கிச் சக்கரத்தை எடுங்கள். நடுவில் உள்ள மூடியை நெம்பினால் பள்ளம் வெட்டிய பெரிய நட்டும், அது கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னும் தெரியும். பின்னை நிமிர்த்தி உருவுங்கள். அது திரும்பப் போடுவதற்கில்லை. புதுப் பின் சில்லறைக் காசு. நட்டைக் கழற்றும்போது டிரம் சுற்றாமல் இருக்க ஒருவர் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளட்டும். பிறகு கேபிள் அட்ஜஸ்டரை முழுவதும் தளர்த்திவிட்டு டிரம்மை இழுங்கள். வரவில்லையென்றால் மரச்சுத்தியலால் சுற்றிலும் மெல்லத் தட்டுங்கள். இரும்புச் சுத்தியலால் விளிம்பில் அடித்தால் டிரம் உடைந்துவிடும்.

உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியை வாயால் ஊதவோ, பங்க்சர் கடை ஏர் பைப்பை வைத்து அடிக்கவோ கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு. அதன் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்து, துணியை ஒரு பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக்காரர்கள் டிரம்மில் மினுங்கும் கறுப்பு மணலையும் பார்க்கலாம். கடற்கரையோரம் ஓடும் வண்டிக்குள் அது எப்படியோ புகுந்து லைனிங்கையும் டிரம்மையும் அரைத்துக்கொண்டிருக்கும்.

எதையும் பிரிக்கும் முன் போனில் இரண்டு படம் எடுத்து வையுங்கள். ஸ்பிரிங் எந்தப் பக்கம் மாட்டியிருந்தது என்பது பத்து நிமிடத்தில் மறந்துவிடும்.

உள்ளே என்ன பார்க்க வேண்டும்

இரண்டு ஷூ, அவை ஊன்றி நிற்கும் முளை, எதிர்ப்பக்கம் இரண்டையும் விரிக்கும் கேம், இழுத்துச் சேர்க்கும் ஸ்பிரிங். அவ்வளவுதான். சக்கரம் சுற்றும் திசையில் கேம் முனை முன்னால் வரும் ஷூவை டிரம்மே தன்னோடு இழுத்து மேலும் அழுத்திக்கொள்ளும். மற்ற ஷூவை அதே சுழற்சி தள்ளிவிடப் பார்க்கும். இந்த வண்டியில் பிரேக் பிடிப்பதில் பெரும்பகுதி வேலையை முதல் ஷூதான் செய்கிறது. அதன் மேல் அதிகக் கவனம் வையுங்கள்.

லைனிங் கண்ணாடி போலப் பளபளத்தால் 80 எண் உப்புத்தாளால் மட்டமாகத் தேய்த்து மங்கலாக்குங்கள். டிரம்மின் உள்பக்கத்தையும் குறுக்காக இலேசாகத் தேய்த்துக்கொள்ளலாம். கிரீஸோ எண்ணெயோ ஊறியிருந்தால் அந்த ஷூவை மறந்துவிடுங்கள். பெட்ரோலில் ஊறவைப்பது, அடுப்பில் காட்டி எரிப்பது என்று பட்டறைகளில் வழிகள் சொல்வார்கள். இரண்டு நாள் பிடிக்கும், டிரம் சூடானதும் உள்ளே ஊறியது மறுபடி மேலே வரும். புது ஷூ போடும் முன் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் பேரிங் பக்கத்து ஆயில் சீல் போயிருக்கும், அல்லது யாரோ பேரிங்கில் கை நிறைய கிரீஸ் திணித்திருப்பார்கள்.

கேம் தண்டு துருப்பிடித்து இறுகியிருப்பது மிகவும் சகஜம். கழற்றி, துருவைத் தேய்த்து, அதிக வெப்பம் தாங்கும் கிரீஸை மெல்லிசாகப் பூசி மாட்டுங்கள். ஷூ ஊன்றும் முளைக்கும் அதே அளவு போதும். லைனிங்கில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, புதியவர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று: பிரேக் முழுதாகப் பிடித்திருக்கும் நிலையில் கேம் கைக்கும் கேபிளுக்கும் நடுவில் உள்ள கோணம். ஏறக்குறைய 90 பாகையாக இருக்கும்போதுதான் கேபிளின் இழுப்பு முழுதாகக் கேமைத் திருப்பும். லைனிங் தேயத் தேய அட்ஜஸ்டரைத் திருகித் திருகியே காலம் ஓட்டிய வண்டிகளில் கேம் கை 90-ஐத் தாண்டிப் போயிருக்கும். அப்போது எவ்வளவு இழுத்தாலும் பாதிதான் வேலை செய்யும். சரியான தடிமனுள்ள புது லைனிங் போட்டாலே கோணம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஷூவை டிரம்முக்குப் பொருத்துவது

என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். புது ஷூவின் வளைவும், பல வருடம் தேய்ந்த டிரம்மின் வளைவும் ஒன்றாக இருக்காது. அதனால் ஷூ நடுவில் மட்டுமோ நுனியில் மட்டுமோ தொடும். கடைக்காரர் ஷூவை மாட்டி அனுப்பிவிடுவார். அது தானாகத் தேய்ந்து முழுதாகத் தொட மாதக்கணக்காகும். அதற்குள் "புது ஷூவும் உதவாது" என்ற முடிவுக்கு நீங்கள் வந்திருப்பீர்கள்.

டிரம்மின் உள்பக்கம் முழுவதும் சாக்பீஸால் தேய்த்து, மாட்டி, பிரேக்கை இலேசாகப் பிடித்தபடி ஒரு சுற்று சுற்றிக் கழற்றுங்கள். ஷூவில் வெள்ளை ஒட்டிய இடம்தான் தொடுகிற இடம். நூலளவு ஒட்டியிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அந்த இடத்தை மட்டும் தட்டையான அரத்தாலோ உப்புத்தாளாலோ இலேசாகக் குறைத்து, மறுபடி சாக்பீஸ், மறுபடி சோதனை. லைனிங்கின் முக்கால்வாசிப் பரப்பில் வெள்ளை ஒட்டும் வரை பொறுமையாகச் செய்யுங்கள்.

விரைவான வழியும் உண்டு. 80 எண் உப்புத்தாளைப் பட்டையாக வெட்டி, இரட்டைப் பக்க டேப்பால் டிரம்மின் உள்ளே சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். டிரம்மை மாட்டி, பிரேக் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி பிடித்துக்கொண்டு, ஓடும் திசையிலேயே கையால் சுற்றுங்கள். ஷூ டிரம்மின் வட்டத்துக்கே செதுக்கப்பட்டுவிடும். அளவாக நிறுத்திக்கொள்ளுங்கள், தாளின் தடிமன் காரணமாக வட்டம் இம்மியளவு சிறிதாக வரும், அந்த மிச்சத்தை ஓட்டம் சரிசெய்யும். கடைசியில் டேப் பிசின் துளியும் இல்லாமல் டிரம்மைத் துடைக்க வேண்டும். ஷூவின் முன்விளிம்பை அரத்தால் சாய்வாகச் சீவிவிட்டால் கீச்சென்ற சத்தமும் வெடுக்கென்ற பிடியும் குறையும்.

லைனிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. மலிவான ஷூக்களில் லைனிங் கடினமாக இருக்கும். தேயாது, பிடிக்கவும் பிடிக்காது. "அஞ்சு வருஷம் மாத்தவே வேண்டாம்" என்று யாராவது விற்றால் முன்சக்கரத்துக்கு அதை வாங்காதீர்கள். பழைய அலுமினிய ஷூ நல்ல நிலையில் இருந்தால், லைனிங் ஒட்டித் தரும் கடையில் கொடுத்து மென்மையான வகையைக் கேட்டு ஒட்டிக்கொள்வது நல்ல வழி.

லீவர் துடிக்கிற வண்டிக்கு டிரம்மை லேத்தில் கடைய வேண்டியிருக்கும். மிகக் குறைவாக, வட்டம் சரியாகும் வரை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். சேட்டக்கின் டிரம் சுமார் 150 மில்லிமீட்டர் விட்டம். கடைந்து பெரிதான டிரம்முக்குச் சாதாரண ஷூ பொருந்தாது. தடிமனான லைனிங் ஒட்டி மேலே சொன்னபடி பொருத்த வேண்டும். ஆழமான பள்ளங்கள் விழுந்த டிரம்மாக இருந்தால் புதிதாக வாங்கிவிடுவதே பாதுகாப்பு.

திரும்பப் பூட்டி ஓட்டிப் பார்ப்பது

இரண்டு ஷூவையும் ஸ்பிரிங்கோடு சேர்த்து, கூரைபோல மடித்துப் பிடித்து, முனைகளை இடத்தில் வைத்து அமுக்கினால் உட்கார்ந்துவிடும். விரல் நடுவில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிரம், நட்டு, புதுக் காட்டர் பின், மூடி, சக்கரம். அட்ஜஸ்டரைச் சக்கரம் உரசும் வரை இறுக்கி, உரசல் நிற்கும் வரை மட்டும் தளர்த்தி, பூட்டு நட்டை முடுக்குங்கள். லீவர் நுனியில் ஒரு விரல் தடிமன் அளவு தளர்வு (பிளே) இருக்கட்டும். அதுவும் இல்லாமல் இறுக்கினால் டிரம் சூடாகி ஷூ மறுபடி பளபளத்துவிடும்.

முதலில் வீட்டு முன்னால் தள்ளிக்கொண்டே பிடித்துப் பாருங்கள். பிறகு வண்டிகள் குறைவாக வரும் ஒரு நேர்ச்சாலைக்குப் போங்கள். மார்த்தாண்டம் மேம்பாலமோ திங்கள்சந்தைச் சாலையோ இதற்கு ஏற்ற இடமில்லை. 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10-க்கு, நிதானமாக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே குறையுங்கள். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் டிரம் ஆறும்படி சிறிது தூரம் ஓட்டி, இப்படிப் பத்துப் பதினைந்து தடவை. கடைசியில் பிடி கூடியிருப்பது விரலுக்கே தெரியும்.

தெரியவில்லையென்றால் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமலேயே பாறையாகிப்போன டயர் எந்தப் பிரேக்கையும் தோற்கடித்துவிடும். முன் ஷாக் அப்சார்பர் போயிருந்தாலும் பிரேக் பிடித்ததும் மூக்கு தடாலென்று விழுந்து, டயர் தரையில் ஒழுங்காக ஊன்றாது.

இன்னும் வேண்டும் என்பவர்களுக்கு

கேம் கையைச் சற்று நீளமாக்கி மாட்டும் வழக்கம் உண்டு. விசை கூடும், உண்மைதான். ஆனால் அதே அளவுக்கு லீவரும் அதிகத் தூரம் உள்ளே வர வேண்டும். கேபிளிலும் ஷூவிலும் ஒழுகலை அடைக்காமல் இதைச் செய்தால் லீவர் ஹேண்டிலில் முட்டி நிற்கும். சாதாரணக் கம்பியை வெல்டு வைத்துச் செய்த கைகளைத் தொடவே வேண்டாம். அது உடைந்தால் முன் பிரேக் என்பதே இல்லை.

டிஸ்க் மாற்றுவது பற்றியும் கேட்பார்கள். ஸ்கூட்டரில் டிஸ்க் புதுச் சரக்கில்லை. லாம்ப்ரெட்டா டிவி 175-இல் 1962-லேயே முன் டிஸ்க் வந்துவிட்டது. நம்மூரில் வேறு வண்டியின் ஃபோர்க்கோடு (முன்சக்கரத்தைத் தாங்கும் பாகம்) டிஸ்க்கை ஏற்றுகிறார்கள். நன்றாகச் செய்தால் நன்றாகவே பிடிக்கும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, வண்டியை மூல அமைப்பிலிருந்து மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 15 வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க டி.என். 74 நாகர்கோவில் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கோ டி.என். 75 மார்த்தாண்டம் அலுவலகத்துக்கோ வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருக்கும். ஃபோர்க்கை வெட்டும் முன் அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கும் சந்தைக்குமாக ஓடும் வண்டிக்கு, ஒழுங்காகப் பொருத்திய டிரம்மே போதும் என்பது என் கட்சி.

பிடிக்கத் தொடங்கிய பிரேக்கை ஓட்டுவது

இதுவரை முன் பிரேக்கைத் தொடாமல் ஓட்டிய கைக்குப் புதுப் பழக்கம் வேண்டும். வெடுக்கென்று பிடிக்காமல், எடை முன்னால் சாயச் சாய அழுத்தத்தைக் கூட்டுங்கள். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வீசும் மாதங்களில் பத்து அங்குலச் சக்கர வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். அங்கே இரண்டு பிரேக்கையும் சேர்த்து, மென்மையாக, வண்டி நேராக இருக்கும்போது மட்டும் பிடியுங்கள்.

மழையில் தேங்கிய தண்ணீருக்குள் போய் வந்தால் டிரம் நனைந்து பிடி காணாமல் போகும். வெளியே வந்ததும் ஆக்சிலரேட்டரை விடாமல், பிரேக்கை இலேசாக உரசவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டினால் காய்ந்துவிடும். நீண்ட மலை இறக்கத்தில் கியரைக் குறைத்து என்ஜின் இழுப்பில் இறங்குங்கள். தொடர்ந்து பிரேக்கிலேயே இறங்கினால் டிரம் சூடேறி பிடி தளரும். டூ ஸ்ட்ரோக் வண்டியில் என்ஜினுக்கு எண்ணெய் பெட்ரோலோடுதான் போகிறது என்பதால், இறக்கத்தில் அவ்வப்போது ஒரு முறை ஆக்சிலரேட்டரைத் திருகிவிடுங்கள்.

வருடத்துக்கு ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு டிரம்மைத் திறந்து துடைத்து, கேமுக்குக் கிரீஸ் இட்டு மூடுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் கேபிளை மட்டும் இன்னொரு தடவை, ஜூனில் மழை தொடங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.